அந்த 26-ஆம் தேதி எனக்கு முன்பே தெரியும்

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குக் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல." வைத்த கையோடு அடுத்த போன், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து. அடுத்தது ஒரு தீப்பெட்டி ஆபீஸ். மதியத்துக்குள் ஏழு பேர். மறுநாள் மாலைக்குள் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன்: "வோல்டேஜ் பிரச்சினையா இருக்கும், வந்து பார்க்கிறேன்."

அது வோல்டேஜ் இல்லை. என்னவென்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் நடக்கும் என்பதும் ஏழு வாரமாகத் தெரியும். இதைக் கால் நூற்றாண்டுக்கு மேலாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஊரில் கம்ப்யூட்டர் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பொருளாக இருந்த காலம். என்னிடம் வாங்கியவர்கள், என்னிடம் சர்வீஸுக்கு வருகிறவர்கள் என்று மொத்தம் 63 பேர். பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். விண்டோஸ் போட்டு முடித்ததும் ஒவ்வொரு மெஷினிலும் இன்னொரு சிடியைப் போடுவேன். தமிழ் எழுத்துருக்கள், பாட்டு கேட்க வின்ஆம்ப், பிள்ளைகளுக்கு நாலைந்து விளையாட்டு எல்லாம் அதில் இருக்கும். சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கிய திருட்டு சிடி அது. "அந்தத் தம்பிகிட்ட வாங்கினா எல்லாம் போட்டுத் தருவான்" என்று ஊரில் எனக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த சிடிதான்.

பிப்ரவரி கடைசியில், ஒரு வாடிக்கையாளரின் தம்பி மதுரையிலிருந்து ஆன்டி-வைரஸ் கொண்டுவந்து அண்ணன் மெஷினை ஸ்கேன் செய்திருக்கிறார். இருநூறுக்கு மேற்பட்ட ஃபைல்களில் 'சிஐஎச்' என்று காட்டியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். "எங்கேயாவது ஃபிளாப்பியில வந்திருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, அந்த ஆன்டி-வைரஸைக் கேட்டு வாங்கி வந்தேன். இரவு கடையை உள்ளே சாத்திக்கொண்டு என் சிடியைப் போட்டு ஸ்கேன் செய்தேன். அதே பெயர் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. விளையாட்டுகளில் இருந்தது. பாட்டு மென்பொருளில் இருந்தது. வைரஸை ஊருக்குள் கொண்டுவந்தவன் நான்தான்.

அந்த வைரஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைவானில் தாதுங் என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998-இல் எழுதியது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் சிஐஎச். அளவு சுமார் ஒரு கிலோபைட். விண்டோஸ் 95, 98 நிரல் கோப்புகளுக்குள் பெரும்பாலும் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். இது தன்னைத் துண்டு துண்டாக்கி அந்த இடைவெளிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஃபைலின் அளவு கூடாது, பார்க்கிறவனுக்குச் சந்தேகமும் வராது. ஏப்ரல் 26 வரை எதுவும் செய்யாது. அன்றைக்கு மெஷினை ஆன் செய்தால், ஹார்ட் டிஸ்க்கின் முதல் ஒரு மெகாபைட்டைப் பூஜ்யங்களால் அழித்துவிடும். அதோடு, மதர்போர்டில் கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதப் பார்க்கும். சில வகை போர்டுகளில் அது பலித்துவிடும். அப்புறம் ஃபேன் மட்டும்தான் சுற்றும். உக்ரைனில் செர்னோபில் அணு உலை வெடித்ததும் 1986-இல் அதே தேதியில் என்பதால் இதற்குச் செர்னோபில் வைரஸ் என்று இன்னொரு பெயரும் விழுந்தது. தென்கொரியாவில் மட்டும் அன்று லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் படுத்தன. துருக்கியிலும் பலத்த அடி. அமெரிக்காவில், ஒரு பெரிய கம்பெனி தயாரித்து விற்ற புது மெஷின்கள் சிலவற்றிலேயே இது புகுந்திருந்தது.

ஏப்ரல் 26 என்ற தேதியை ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். மார்ச் முதல் வாரம் அது. எனக்கு ஏழு வாரம் அவகாசம் இருந்தது.

என்ன செய்திருக்கலாம்? 63 வீடுகளுக்கும் போய் வைரஸை நீக்கியிருக்கலாம். அது பெரிய வேலை என்றால், "ஏப்ரல் 26 அன்னைக்கு மட்டும் கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க, மறுநாள் நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு போதும். ஒரு நாள் ஆன் செய்யாமல் இருந்தால் எதுவும் நடந்திருக்காது. அன்று ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் போன் தெருவுக்குத் தெரு இருந்தது. 63 ரூபாயில் முடிந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. காரணங்களை அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டபடியே எழுதுகிறேன். எதிர்வரிசையில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வந்திருந்தது. "அவன் வைரஸ் ஏத்தி விட்டுட்டான்" என்ற பேச்சு கிளம்பினால் ஆறு மாதத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான். திருட்டு சிடி என்பது வெளியே தெரியும். அக்கா கல்யாணக் கடன் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் எதையும் பெரிதாக்கித்தான் எழுதுவார்கள். எல்லா மெஷினிலும் நடக்காது. நடந்தாலும் என்னால் சரிசெய்துவிட முடியும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். நாள் நெருங்க நெருங்க, சர்வீஸுக்குக் கடைக்கு வந்த மெஷின்களில் மட்டும் ஓசைப்படாமல் வைரஸை நீக்கிக் கொடுத்தேன். அப்படி ஒன்பது மெஷின். என்னிடம் வராதவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படி வராதவர்களில் ஒருவர் தபால்கார அண்ணாச்சி.

அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். டவுனில் தபால் கொடுப்பவர். இரண்டாம் கை கம்ப்யூட்டர் ஒன்றைக் கூட்டுறவு சொசைட்டியில் லோன் போட்டு என்னிடம் வாங்கியிருந்தார். மகள் படிக்க என்று வாங்கினாலும், அதில் அவர் செய்த வேலை வேறு. ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கிறவர்களின் பட்டியல் வைத்திருந்தார். அவருடைய தங்கை பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல் இறந்துபோனாளாம். அதிலிருந்து தபால் கொடுக்கப் போகிற வீடுகளிலெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வந்திருக்கிறார். காசுக்கு ரத்தம் விற்பது 1998 ஜனவரி 1 முதல் சட்டப்படி தடையாகியிருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்குப் பிறகு சின்ன ஊர்களில் இரவு நேரத்தில் ரத்தம் வேண்டுமென்றால் தானாக வந்து கொடுக்கிறவர்களைத்தான் நம்ப வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அந்த நம்பிக்கை அண்ணாச்சியின் பட்டியல்தான்.

1,140 பேர். பெயர், ஊர், ரத்த வகை, பக்கத்து வீட்டுப் போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஒரு தடவை கொடுத்தவர் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம் என்பது அப்போதைய விதி. யாரை இன்றைக்கு எழுப்பலாம், யாரை எழுப்பக் கூடாது என்று அந்தப் பட்டியல் ஒரு நிமிடத்தில் பிரித்துக் காட்டும். அந்த நிரலை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். காசு வாங்காமல்தான் எழுதிக் கொடுத்தேன். பழைய நோட்டுகளிலிருந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, பதினோரு மாதம் உட்கார்ந்து ஏற்றினார். "தம்பி, இதை ஃபிளாப்பியில எடுத்து வைக்கணுமா?" என்று ஒரு நாள் கேட்டார். "ஃபிளாப்பிதான் அண்ணாச்சி கெட்டுப்போகும். டிஸ்க்ல இருந்தா பத்திரம்" என்றேன்.

27-ஆம் தேதி அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்கிரீன் கறுப்பாக இருந்தது. பயாஸ் போயிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டியல் இருக்குமா தம்பி?" என்று கேட்டார். "வோல்டேஜ் ஏறி போர்டு அடிச்சிருச்சு அண்ணாச்சி, டிஸ்க்கையும் பார்க்கணும்" என்றேன். மெஷினைக் கடைக்குத் தூக்கி வந்து வேறு போர்டு மாற்றினேன். 4,200 ரூபாய். சர்வீஸுக்கு 250. இனி வோல்டேஜில் அடிபடாமல் இருக்க ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அதையும் என் கடையிலேயே வாங்கினார்.

டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன்.

இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இத்தனை வருடம் ஆனது. அந்த டிஸ்க்கில் பட்டியல் அழியவே இல்லை. வைரஸ் அழித்தது முதல் ஒரு மெகாபைட்டை மட்டும். ஒரு புத்தகத்தில் அட்டையும், பொருளடக்கத்தின் முதல் சில தாள்களும் கிழிந்தது போல. அவருடைய 4.3 ஜிபி டிஸ்க்கை ஃபேட் 32 முறையில் பிரித்திருந்தேன். அந்த முறையில் பொருளடக்கம் இரண்டு பிரதியாக இருக்கும். இரண்டாவது பிரதி ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் பத்திரமாக இருந்தது. உள்ளே 1,140 பேரும் இருந்தார்கள். அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் என்ற நிரலாளர் அப்படிப்பட்ட டிஸ்க்குகளை மீட்டெடுக்க ஒரு சிறு நிரல் எழுதி இலவசமாகவே கொடுத்தார். எனக்கு இதெல்லாம் அடுத்த வருடம்தான் தெரிந்தது. ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மதுரையில் டேட்டா மீட்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனால் அவர் பார்த்ததும் "இது சிஐஎச்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில்தான் ஃபார்மட் செய்தேன். வைரஸ் விட்டுவைத்ததை என் கையால் அழித்தேன்.

ஜூலை மாதம் ஒரு இரவு. பதினொன்றரை இருக்கும். அண்ணாச்சி என் வீட்டுக் கதவைத் தட்டினார். சைக்கிளில் வந்து வியர்த்து நின்றார். பிரசவக் கேஸ், பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும். "பழைய நோட்டை வச்சு நாலு பேரைப் பார்த்துட்டேன் தம்பி. ஒருத்தர் திருப்பூருக்குப் போயிட்டார். ஒருத்தர் போன மாசம்தான் கொடுத்தாராம். உன் வண்டியில கொஞ்சம் வர்றியா?"

நாலாட்டின்புதூர் போனோம். அங்கிருந்து இடைசெவல். ஆள் ஊரில் இல்லை. திரும்பி வந்து எட்டயபுரம் சாலையில் ஒரு கிராமத்துக்குப் போனோம். என் பின்னால் உட்கார்ந்து, தோளில் கை வைத்திருந்தார். கைவிளக்கு வெளிச்சத்தில் நோட்டுப் பக்கங்களைப் புரட்டி அடுத்த பெயரைச் சொல்லுவார். கம்ப்யூட்டரில் இருந்திருந்தால் நான்கு பெயர்கள் ஒரே நிமிடத்தில் வந்திருக்கும். அந்த நிரலை எழுதியவன் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். மூன்றே முக்கால் மணிக்கு ஒரு பருத்திக்காட்டு விவசாயியை எழுப்பினோம். சட்டையைக் கூடச் சரியாகப் போடாமல் வந்தார். ரத்தம் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

விடியற்காலை என் வாசலில் இறங்கும்போது அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப் புண்ணியம் தம்பி" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள் என்பதால் என் குற்றம் குறைந்துவிடாது. நான்கு மணி நேரத் தாமதத்தை நான் உண்டாக்கினேன். அதை அவள் உடம்பு தாங்கியது, அவ்வளவுதான். 2020 செப்டம்பரில் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் ஒன்று முடக்கியது. ஆம்புலன்ஸில் வந்த 78 வயதுப் பெண்ணைச் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவர் இறந்துவிட்டார். தாமதம்தான் காரணம் என்று நிரூபிக்க முடியவில்லை என்று அரசு வழக்கறிஞர்கள் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. என் வழக்கும் அப்படித்தான். எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் நடந்தது எனக்குத் தெரியும்.

வைரஸ் எழுதுகிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எழுதியவன் முதல் குற்றவாளிதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் சென் இங்-ஹாவ் விஷயத்தில் இரண்டு செய்திகள் என்னை விடாமல் துரத்துகின்றன. ஒன்று, கல்லூரிக்குள் வைரஸ் பரவியபோது அவர் மன்னிப்புக் கேட்டார், இன்னொரு மாணவரோடு சேர்ந்து அதற்கு மாற்று மருந்தாக ஒரு நிரலையும் எழுதி வெளியிட்டார். நான் மன்னிப்பும் கேட்கவில்லை, மாற்றும் கொடுக்கவில்லை. இரண்டாவது, 1999-இல் தைவான் அரசால் அவர்மீது வழக்குத் தொடர முடியவில்லை. பாதிக்கப்பட்டேன் என்று அங்கே யாரும் முன்வந்து புகார் கொடுக்கவில்லை. இங்கே எங்கள் ஊரில் புகார் கொடுக்க யார் இருந்தார்கள்? தன்னைத் தாக்கியது வைரஸ் என்று அண்ணாச்சிக்கே தெரியாதே. தெரியவிடாமல் செய்தவன் நான். மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டே 4,450 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். என்னைப் போல் ஊருக்கு ஒருவன் இருந்தால் போதும், எழுதியவன் நிம்மதியாகத் தூங்கலாம்.

2000 அக்டோபரில் நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 43-ஆம் பிரிவு, பிறர் கம்ப்யூட்டரில் வைரஸைப் புகுத்துகிறவரை மட்டுமல்ல, புகுத்தப்படக் காரணமாக இருப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. படித்தபோது என்னைப் பார்த்து எழுதியது போலிருந்தது.

நான் செய்த தவறு பெரிய இடங்களிலும் நடக்கிறது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டு அரசு மருத்துவ சேவை கணக்கிட்டதாகத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை சொன்னது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கையும் போயிருந்தது. இரண்டு மாத அவகாசம். என்னிடம் ஏழு வாரம் இருந்தது போலத்தான்.

கடையை 2006-இல் மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனேன். அண்ணாச்சி மறுபடி பெயர் சேர்த்து, இரண்டு வருடத்தில் பட்டியலை ஓரளவு கொண்டுவந்துவிட்டார். நோட்டில்தான். கம்ப்யூட்டரை அதற்குப் பிறகு அவர் நம்பவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். அதனால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சிடி, பிப்ரவரி, தேதி, ஃபார்மட் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவர் எதுவும் பேசவில்லை. முடித்ததும் ஒன்று கேட்டார். "அப்போ பட்டியல் உள்ளேதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணாச்சி."

வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 4,450 ரூபாயையும் ஸ்டெபிலைசர் விலையையும் இத்தனை வருட வட்டியோடு கவரில் வைத்து நீட்டினேன். வாங்கவில்லை. "மத்த பத்துப் பேர்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "அவங்ககிட்டேயும் சொல்லிட்டு வா. அப்புறம் பேசுவோம்."

அந்தப் பதினோரு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. நான்கு பேரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன், அண்ணாச்சியையும் சேர்த்து. மற்ற நால்வர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை அச்சில் எழுதுகிறேன். 1999 ஏப்ரல் 26 அன்று கோவில்பட்டியில் உங்கள் கம்ப்யூட்டர் நின்றுபோய், நான் வந்து வோல்டேஜ் என்று சொல்லியிருந்தால், அது பொய். உங்கள் கணக்குகளும் கடிதங்களும் என்னால் போனவை. மன்னித்துவிடுங்கள்.

இன்று சர்வீஸ் கடை வைத்திருக்கிறவர்களுக்கும், ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பென் டிரைவில் வைரஸ் இருந்தது தெரிந்தால், அது போன இடத்துக்கெல்லாம் அன்றைக்கே போன் செய்யுங்கள். நீங்கள் போட்ட கிராக் மென்பொருளில் சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். மெஷின் முடங்கிவிட்டால் அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். ஒரு வாடிக்கையாளர் போவார், நாலு பேர் திட்டுவார்கள். போகட்டும். தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள்.